மகளின் பல் கிளிப் கம்பி கன்னத்தில் குத்துகிறதா? திங்கள் வரை இப்படிச் சமாளியுங்கள்

பயப்படாதீர்கள். 12 வயது மகளுக்குக் கடைசிப் பல் அருகே கம்பி குத்துகிறது, ஒரு பிராக்கெட்டும் (கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) கழன்று கம்பியிலேயே ஆடுகிறது, டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். இப்படி வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது வரும்.

முதலில் பல் கிளிப்புக்கென்றே உள்ள மெழுகு. கிளிப் போட்ட அன்று சின்ன டப்பாவில் கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள். நிறைய பேர் ஈரத்தின் மேலேயே வைத்துவிட்டு 'நிற்கவே இல்லை' என்பார்கள். கம்பி முனையைப் பஞ்சால் நன்றாகத் துடைத்து, பட்டாணி அளவு மெழுகை விரல் சூட்டில் உருட்டி, முனையை மூடும்படி அழுத்துங்கள். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு அப்புறம் புதிதாக வையுங்கள். தெரியாமல் விழுங்கினாலும் கெடுதல் இல்லை.

கம்பியை வீட்டில் வெட்டவே வேண்டாம். துண்டு தொண்டைக்குள் போய்விடக்கூடும். ஆடும் பிராக்கெட்டையும் இழுக்காதீர்கள், அதன் மேலும் மெழுகு வைத்தால் போதும்.

கன்னத்துப் புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கட்டும். இட்லி, தயிர் சாதம் சரி. முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு வேண்டாம்.

இன்றே கிளினிக்குக்கு போன் செய்து பிராக்கெட் கழன்றதைச் சொல்லிவிடுங்கள். திரும்ப ஒட்டக் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ திங்கள் வரை காத்திருக்காமல் வேறு பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.