கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்ட காதுக்கு, தூர தேசங்களையும் கற்பனை நாடுகளையும் பற்றிய ஆர்கெஸ்ட்ரா கச்சேரி ஒட்டுமா?

ஒட்டும், தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். மகள் சென்னைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், திருவாரூரில் கோயில் நாகஸ்வரமும் உற்சவக் கச்சேரியும் கேட்டே வளர்ந்த எனக்கு அங்கே என்ன புரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கும்பகோணம், எங்கள் வீட்டுக் காதும் இதே காதுதான். இந்த வகை இசையில் ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காத ஒரு ருசி நமக்குக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

எப்படி என்றால், ‘கிழக்கு’ என்று காதில் பட வைக்க அந்தக் காலத்து ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட சங்கதி ஒன்று உண்டு: சுத்த ரிஷபத்திலிருந்து (ஸ-வை ஒட்டி நிற்கும் ரி) நேரே அந்தர காந்தாரத்துக்கு (ம-வை ஒட்டி நிற்கும் க) தாவுவது. அவர்களுக்கு அது பாலைவனம், ஒட்டகம், அரண்மனை எல்லாம். நமக்கோ அது சரளி வரிசை, மாயாமாளவகௌளை, பாட்டு வகுப்பின் முதல் நாள். சேன்-சான்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1877ல் அரங்கேறிய ‘சாம்சனும் தெலீலாவும்’ ஓபராவில் (முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம்) ‘பாக்கனால்’ என்று ஒரு நடனப் பகுதி வரும், கதை நடப்பது காசாவில். ஆரம்பத்தில் ஓபோ (நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் குழல்) மட்டும் தனியாக, தாளமில்லாமல், ஆலாபனை பண்ணுகிற மாதிரி ஊதும். அதைக் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அடுக்களையில் இருந்த சித்தி (பாட்டு டீச்சர்) கரண்டியோடு வெளியே வந்து, “என்னடா, மாயாமாளவகௌளை மாதிரின்னா இருக்கு, ஆனா கமகமே இல்லாம மொட்டையா வாசிக்கிறானே” என்றார். அவ்வளவு சரியான விமர்சனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பீஸே என்ற பிரெஞ்சுக்காரர் 1863ல் ‘முத்துக்குளிப்போர்’ என்று ஒரு ஓபரா போட்டார். கதையை முதலில் மெக்சிகோவில் வைத்திருந்தார்கள், பிறகு இலங்கைக்கு மாற்றிவிட்டார்கள். பாரீஸ் ரசிகனுக்கு இரண்டுமே ஒன்றுதான், எங்கோ சூடான கடற்கரை. கோடியக்கரையில் நிற்கிறவனுக்கு இலங்கை கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்த குடும்பங்கள் வேதாரண்யத்தில் உண்டு. அதனால் அந்த இசையில் நிஜ ஊரைத் தேடாதீர்கள், கிடைக்காது. தூர தேசத்தை நினைத்து அதில் ஒலிக்கும் ஏக்கத்தைக் கேளுங்கள், அது முழுக்க நிஜம்.

உங்களுக்கு உண்மையிலேயே தூர தேசமாகத் தெரியப்போவது வேறு. தம்பூரா இருக்காது. ஆதார ஷட்ஜமே (சுருதியின் ஸ) பாட்டின் நடுவில் இடம் மாறும், ஒரே நேரத்தில் நாலைந்து மெட்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். ராகம் என்ன என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் தலை வலிக்கும். ஏதாவது ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். ரஷ்யரான ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஷெஹரசாதே’ (1888) இருந்தால் இது ரொம்ப சுலபம், ஒற்றை வயலின் ஹார்ப் (யாழ் போன்ற பெரிய தந்தி வாத்தியம்) துணையோடு உயரத்தில் நெளிந்து வரும்போதெல்லாம் ஆயிரத்தொரு இரவுகளில் கதை சொல்கிற ஷெஹரசாதே பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் வரும் கடல் பகுதியை எழுதிய ரிம்ஸ்கி கடற்படையில் இருந்தவர், அலை எப்படித் தூக்கிப் போடும் என்று தெரிந்தவர், அது கேட்கும்போதே தெரியும். இன்னொரு ரஷ்யரான போரோதினின் ‘மத்திய ஆசியப் புல்வெளிகளில்’ (1880) இருந்தால் இன்னும் நல்லது, சின்ன உருப்படி. வயலின்கள் உச்சியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும், கிளாரினெட் ஒரு ரஷ்யப் பாட்டை எடுக்கும், தந்திகளைச் சுண்டுவதில் குதிரையும் ஒட்டகமும் நடந்து வரும், இங்கிலீஷ் ஹார்ன் (ஓபோவின் பெரிய, கீழ்க்குரல் வகை) கிழக்கத்திய மெட்டு ஒன்றைப் பாடும், கடைசியில் இரண்டு மெட்டும் சேர்ந்து ஒலிக்கும். அந்தச் சேர்க்கை வரும் இடத்துக்காகவே நான் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பேன்.

அப்புறம், இந்தக் கொடுக்கல் வாங்கலில் நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை, அதுவும் உங்கள் திருவாரூர்! முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டு ஸ்வரங்கள் செய்தார், ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டேதான். அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். கிளம்புவதற்கு முன்னால் இரண்டு நோட்டு ஸ்வரங்களைக் கேட்டுவிட்டுப் போங்கள், காது பாதி தயாராகிவிடும்.

அங்கே ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அமைதி வரும், அப்போது கை தட்ட மாட்டார்கள், மொத்த உருப்படியும் முடிந்த பிறகுதான். தொடையில் தாளம் போடுவதையும் “பேஷ்” சொல்வதையும் அதுவரை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், எனக்கு இன்றைக்கும் அதுதான் கஷ்டம். நிகழ்ச்சி நிரலை மகளிடம் முன்கூட்டியே வாங்கி ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள்.