வேறொரு மெஷினில் ஓடும் புரோகிராமின் விண்டோ என் திரையில் வர என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எங்கள் லேபில் உள்ள உபுண்டு மெஷினில் சிமுலேஷன் ஓட்டுகிறேன். அதன் வேவ்ஃபார்மை ஜிடிகேவேவில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மாடி ஏறிப் போக முடியவில்லை. என் லேப்டாப்பும் உபுண்டு 22.04தான். எஸ்எஸ்ஹெச்சில் லேப் மெஷினுக்குள் நுழைந்து, எந்தத் திரையில் விண்டோ வர வேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் என் லேப்டாப்பின் ஐபி முகவரியைப் போட்டு, ஷெல் தொடங்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலிலும் அதை எழுதிவிட்டேன். லேப் மெஷினில் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் கொடுத்தேன், அங்கே லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம்மின் கான்ஃபிகில் டிசிபியையும் (நெட்வொர்க் வழி இணைப்பு) திறந்துவிட்டேன். இன்னும் 'கேனாட் ஓபன் டிஸ்ப்ளே' என்றுதான் வருகிறது. எங்கே தவறு?

பதில்: டிஸ்ப்ளே மாறியை லேப் மெஷினில் வைத்தது சரியான பக்கம்தான், ஆனால் கதவு திறக்கும் காரியங்களை எதிர்ப்பக்கத்து மெஷினில் செய்திருக்கிறீர்கள். திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில் கால் வைக்கும் எல்லோரும் இடறும் இடம் இது. சர்வர் என்றால் லேபில் இருக்கும் பெரிய மெஷின், கிளையன்ட் என்றால் நம் கையில் இருக்கும் லேப்டாப் என்றுதான் மனம் பழகியிருக்கிறது. எக்ஸில் அது அப்படியே தலைகீழ். யாரிடம் திரையும் கீபோர்டும் மவுஸும் இருக்கிறதோ அவர்தான் சர்வர், ஏனென்றால் 'எனக்கு ஒரு விண்டோ வரைந்து கொடு' என்று மற்றவர்கள் வந்து கேட்பது அவரிடம்தான். ஜிடிகேவேவ் அப்படிக் கேட்டு வருகிற கிளையன்ட். ஆக உங்கள் விஷயத்தில் சர்வர் உங்கள் லேப்டாப். கதவு திறக்க வேண்டியதும் அங்கேதான், லேப் மெஷினில் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை.

முதல் வேலையாக, திறந்ததை மூடுங்கள். லேப் மெஷினில் எக்ஸ்ஹோஸ்ட் மைனஸ் கொடுங்கள், ஜிடிஎம் கான்ஃபிகில் மாற்றியதைப் பழையபடி வையுங்கள், பாஷ்ஆர்சியில் எழுதிய டிஸ்ப்ளே வரியை அழியுங்கள். அந்த வரி ஏன் கூடாது என்று கீழே வரும். (கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

இப்போது உங்களுக்கு உண்மையில் வேண்டிய வழி. லேப்டாப்பில் எந்த போர்ட்டையும் திறக்காமலே இது நடக்கும். லேப்டாப் டெர்மினலில் எஸ்எஸ்ஹெச் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு மைனஸ் போட்டு பெரிய எழுத்து எக்ஸ், அப்புறம் வழக்கம்போல யூசர் பெயரும் மெஷின் பெயரும். உள்ளே போனதும் ஜிடிகேவேவ் என்று அடியுங்கள். அவ்வளவுதான், பெரும்பாலும் விண்டோ லேப்டாப்பிலேயே வந்து நிற்கும். லேப்டாப் எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடினாலும் பரவாயில்லை, அதனோடு வரும் எக்ஸ்வேலண்ட் என்ற எக்ஸ் சர்வர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

நடப்பது என்னவென்றால், லேப் மெஷினில் இருக்கும் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஒரு பொய்யான திரையை உருவாக்குகிறது. உள்ளே போன பிறகு டிஸ்ப்ளே மாறியை எக்கோ செய்து பாருங்கள், லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 10.0 என்று காட்டும். உண்மையான திரைகளின் எண் 0, 1 என்று தொடங்குவதால் அவற்றோடு மோதாமலிருக்க 10லிருந்து எண்ணுகிறார்கள். எக்ஸின் போர்ட் எண் 6000உடன் திரை எண்ணைக் கூட்டினால் வருவது, அதனால் அந்தப் பொய்த் திரை லேப் மெஷினுக்குள்ளேயே 6010இல் காத்திருக்கும். ஜிடிகேவேவ் அங்கே பேசுவதையெல்லாம் எஸ்எஸ்ஹெச் என்கிரிப்ட் செய்து, ஏற்கெனவே திறந்திருக்கும் அதே இணைப்பு வழியாக உங்கள் லேப்டாப்புக்குக் கொண்டுவந்து, அங்கே இருக்கும் உண்மையான எக்ஸ் சர்வரிடம் ஒப்படைக்கிறது. நெட்வொர்க்கில் புதிதாக எதுவும் திறக்கப்படவில்லை. டிஸ்ப்ளே மாறியின் மதிப்பை எஸ்எஸ்ஹெச்சே போட்டுவிடுவதால், பாஷ்ஆர்சியில் நீங்கள் எழுதிய வரி அதன் மேல் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதைத்தான் அழிக்கச் சொன்னேன்.

வேலை செய்யவில்லை என்றால் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. உள்ளே நுழையும்போதே 'எக்ஸ்11 ஃபார்வர்டிங் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்' என்று ஒரு வரி வந்தால் குறை லேப் மெஷின் பக்கம். அங்கே இடிசி ஃபோல்டருக்குள் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர், அதில் எஸ்எஸ்ஹெச்டி-கான்ஃபிக் ஃபைலில் எக்ஸ்11ஃபார்வர்டிங் யெஸ் என்று இருக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்ஹெச் மூல வடிவில் இது நோ என்றுதான் வருகிறது, டெபியனும் உபுண்டுவும் யெஸ் என்று மாற்றித் தருகிறார்கள், ஆனால் லேப் நிர்வாகி பாதுகாப்புக்காகத் திரும்ப மாற்றியிருக்கலாம், அவரிடம் கேளுங்கள். மாற்றினால் எஸ்எஸ்ஹெச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும், பழைய லாகினில் அது தெரியாது. அதோடு, லேப் மெஷினில் எக்ஸின் அனுமதிச் சாவிகளைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சின்ன புரோகிராம் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவிய சர்வர்களில் இது இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது, இல்லாவிட்டால் ஃபார்வர்டிங் நடக்காது. இன்னொன்று, ஐபிவி6ஐ முழுக்க அணைத்து வைத்த மெஷின்களில் ஃபார்வர்டிங் தோற்பதுண்டு. அப்போது அதே கான்ஃபிக் ஃபைலில் அட்ரஸ்ஃபேமிலி ஐநெட் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். எதுவும் பிடிபடவில்லை என்றால் எஸ்எஸ்ஹெச்சுக்கு மைனஸ் சின்ன வி கொடுத்து நுழையுங்கள், எந்தப் படியில் நிற்கிறது என்று அதுவே வரிவரியாகச் சொல்லும்.

பெரிய எக்ஸ், பெரிய ஒய் என்று இரண்டு இருக்கிறதே, எது என்று அடுத்து கேட்பீர்கள். எக்ஸ் போட்டால் தொலைவிலிருந்து வரும் புரோகிராமை நம்பாமல் கட்டுப்படுத்தி வைக்கும், கிளிப்போர்டு போன்ற சில வேலைகள் தகராறு செய்யலாம், 20 நிமிடத்துக்குப் பிறகு புதிய விண்டோ எதையும் ஏற்காது. ஒய் போட்டால் முழு நம்பிக்கை. டெபியன், உபுண்டு கிளையன்ட்களில் எக்ஸ் போட்டாலும் ஒய் போட்ட மாதிரிதான் நடக்கிறது, ஏனென்றால் அவர்கள் நம்பிக்கையை டிஃபால்ட்டாக வைத்துவிட்டார்கள். உங்கள் லேப்டாப் உபுண்டு என்பதால் இரண்டும் ஒன்றுதான். இதன் பொருள், லேப் மெஷினை நீங்கள் முழுதாக நம்புகிறீர்கள் என்பது. நம்பாத மெஷினுக்கு இந்த ஆப்ஷனோடு போகாதீர்கள்.

நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. எக்ஸ் 1984இல் எம்ஐடியில், அதீனா புராஜெக்ட் காலத்தில் பிறந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் 11ஆம் பதிப்பு 1987இல் வந்தது. ஒரே வளாகத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலம் அது. எக்ஸ் சர்வரோடு ஒரு புரோகிராம் ஒருமுறை இணைந்துவிட்டால் மற்ற விண்டோக்களில் தட்டப்படும் எழுத்துகளைப் படிக்கலாம், திரையை முழுதாகப் படம் எடுக்கலாம், மவுஸ் அசைத்ததாகப் பொய்யான சமிக்ஞைகூட அனுப்பலாம். தடுப்புச் சுவர் என்று ஒன்று உள்ளே கிடையாது, இருப்பது வாசலில் ஒரே ஒரு காவல்தான். எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்பது அந்தக் காவலை வீட்டுக்கு அனுப்புகிற கட்டளை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் எல்லா மெஷின்களின் தொடக்க ஸ்கிரிப்ட்டிலும் இந்த வரி இருந்தது, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் சோதனைக்காக என் மெஷினிலிருந்து, திரையைப் படம் எடுக்கும் எக்ஸ்டபிள்யூடி கட்டளையைப் பக்கத்து அறைத் திரையை நோக்கி ஓட்டினேன், அங்கே இருந்தவருடைய மெயில் முழுவதும் என் திரையில் விரிந்தது. அவரிடம் போய்க் காட்டினேன், அன்றே எல்லா மெஷின்களிலும் அந்த வரியை எடுத்தோம். அதற்குப் பிறகு இந்தக் கட்டளையை யாருக்கும் நான் பரிந்துரைத்ததில்லை. தேடினால் கிடைக்கும் பாதிப் பதில்களில் இதுதான் முதல் வரியாக இருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, எஸ்எஸ்ஹெச் ஒத்துவராத இடங்களும் உண்டு. எஸ்எஸ்ஹெச் சர்வரே இல்லாத பழைய ஆய்வுக்கருவி ஒன்று, அதற்கு எக்ஸ் மட்டும்தான் பேசத் தெரியும் என்று வையுங்கள். கருவியும் உங்கள் லேப்டாப்பும் வெளியாட்கள் நுழையாத தனி நெட்வொர்க்கில் இருந்தால் நேரடியாகத் திறக்கலாம். கதவு திறக்கும் வேலையெல்லாம் லேப்டாப்பில்தான், மறக்காதீர்கள்.

லினக்ஸில் வழக்கமாக ஓடும் எக்ஸ் சர்வரான எக்ஸ்-ஆர்க்கின் 1.17ஆம் பதிப்பு 2015இல் வந்தது, அதிலிருந்து டிசிபியில் கேட்பதையே டிஃபால்ட்டாக நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே டிஸ்ட்ரோக்கள் நோலிசன் டிசிபி என்று சேர்த்துத்தான் சர்வரைத் தொடங்கின. அதனால் இப்போது நாமாகக் கேட்கச் சொல்ல வேண்டும். உபுண்டு 22.04இல் லாகின் திரையின் மூலையில் இருக்கும் சக்கரத்தை அழுத்தி 'உபுண்டு ஆன் எக்ஸ்-ஆர்க்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் வேலண்டில் இந்த நெட்வொர்க் வழியே கிடையாது (உபுண்டு 25.10இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள், மேம்படுத்தும் முன் யோசியுங்கள்). பிறகு இடிசி, ஜிடிஎம்3, கஸ்டம் கான்ஃப் ஃபைலில் செக்யூரிட்டி என்ற பகுதியின் கீழ் டிஸ்அலோடிசிபி சமம் ஃபால்ஸ் என்று எழுதி ரீபூட் செய்யுங்கள். ஜிடிஎம்முக்குப் பதில் லைட்டிஎம் வைத்திருப்பவர்களுக்கு அதன் கான்ஃப் ஃபைலில் சீட் பகுதியின் கீழ் எக்ஸ்சர்வர்-அலோ-டிசிபி சமம் ட்ரூ. லாகின் திரை இல்லாமல் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையால் எக்ஸைத் தொடங்கும் ஆட்கள் அந்தக் கட்டளைக்குப் பிறகு இரண்டு மைனஸ் போட்டு, மைனஸ் லிசன் டிசிபி என்று சேர்த்தால் போதும்.

திறந்ததா என்று எஸ்எஸ் கட்டளைக்கு மைனஸ் எல்டிஎன் கொடுத்துப் பாருங்கள். 6000 தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே கான்ஃபிகைத் திரும்பக் கிளறாதீர்கள், 6001 இருக்கிறதா பாருங்கள். ஜிடிஎம்மில் லாகின் திரை 0ஐ எடுத்துக்கொண்டு உங்கள் செஷனுக்கு 1 கிடைப்பது உண்டு, லேப்டாப்பில் டிஸ்ப்ளே மாறியை எக்கோ செய்தால் எது என்று தெரிந்துவிடும். தொலைவிலிருந்து அழைக்கும்போதும் அதே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். ஃபயர்வாலில் அந்த ஒரு கருவியின் ஐபிக்கு மட்டும், அந்த ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள்.

அனுமதிக்கு, எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் போட்டு அதோடு ஒட்டியே கருவியின் ஐபியையும் எழுதினால் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழி கிடைக்கும். கட்டுக்குள் இருக்கிற நெட்வொர்க்கில் இது ஏற்கத்தக்கது, ஆனால் அந்த மெஷினில் பல பேருக்கு லாகின் இருந்தால் அத்தனை பேருக்கும் வழி விட்டதாகிவிடும். அப்போது குக்கி என்ற ரகசியச் சாவிதான் சரி. லேப்டாப்பில் எக்ஸ்ஆத் லிஸ்ட் கொடுங்கள், எம்ஐடி மேஜிக் குக்கி 1 என்ற பெயரோடு 32 எழுத்துகள் கொண்ட ஹெக்ஸ் சரம் ஒன்று வரும், 128 பிட் சாவி அது. எதிர் மெஷினில் எக்ஸ்ஆத் ஆட் என்று அடித்து, லேப்டாப்பின் ஐபியும் திரை எண்ணும், பிறகு ஒற்றைப் புள்ளி, பிறகு அந்தச் சரம். புள்ளி என்பது அந்த நீண்ட பெயருக்கான சுருக்கம். லேப்டாப்பில் மறுபடி லாகின் செய்தால் குக்கி மாறிவிடும், அப்போது திரும்பச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், இந்த நேரடி வழியில் என்கிரிப்ஷன் எதுவும் இல்லை, குக்கி உட்பட எல்லாமே வெளிப்படையாகத்தான் வயரில் போகும். ஹாஸ்டல் வைஃபையில் இதைச் செய்யாதீர்கள். முழு லாகின் திரையையே தொலைவிலிருந்து வரவழைக்கும் எக்ஸ்டிஎம்சிபி என்ற முறைக்கும் (யுடிபி 177) இதே குறைதான், இன்று புதிதாக அதைத் தொடங்க வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை.

நண்பர்களிடம் விண்டோஸ் லேப்டாப் இருந்தால் விசிஎக்ஸ்சர்வ் என்ற எக்ஸ் சர்வரை நிறுவி, எஸ்எஸ்ஹெச் செய்யும் புட்டி புரோகிராமில் எஸ்எஸ்ஹெச் பகுதிக்குள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்கை டிக் செய்யச் சொல்லுங்கள். விசிஎக்ஸ்சர்வ் தொடங்கும்போது ஆக்சஸ் கன்ட்ரோலை அணைக்கவா என்று ஒரு டிக் இருக்கும், அதைத் தொட வேண்டாம், அதுவும் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்தான். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ், அப்புறம் அதே எஸ்எஸ்ஹெச் கட்டளை.

கடைசியாக வேகம். கேம்பஸுக்குள் இருந்து பார்த்தால் ஜிடிகேவேவ் வசதியாகவே ஓடும். வீட்டு பிராட்பேண்டிலிருந்து போனால் ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் காத்திருக்க நேரும், ஏனென்றால் எக்ஸ் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் கேட்டு, பதில் வாங்கி, மறுபடி கேட்கிற வகை. அங்கே உங்களை இழுத்துப் பிடிப்பது பேண்ட்வித்தைவிடத் தகவல் போய்வரும் நேரம்தான், அதனால் மைனஸ் பெரிய சி கொடுத்துச் சுருக்கினாலும் ஓரளவுதான் உதவும். எஸ்எஸ்ஹெச் அறுந்தால் விண்டோவும் அதோடு போய்விடும். அது தொல்லையாக இருந்தால் இரண்டு மெஷினிலும் எக்ஸ்ப்ரா நிறுவுங்கள், இணைப்பு போனாலும் புரோகிராம் அங்கே உயிரோடு இருக்கும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வேலைக்கு வீட்டிலிருந்து நான் செய்யக்கூடியது வேறு. சிமுலேஷன் முடிந்ததும் வேவ்ஃபார்ம் பதிவான விசிடி ஃபைலை அங்கேயே விசிடி2எஃப்எஸ்டி கட்டளையால் எஃப்எஸ்டி என்ற சுருக்கமான வடிவத்துக்கு மாற்றுங்கள், ஃபைல் வெகுவாகச் சுருங்கிவிடும், அதை எஸ்சிபியில் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு ஜிடிகேவேவை லேப்டாப்பிலேயே திறங்கள். பார்ப்பதற்கு மட்டும்தான் விண்டோ வேண்டுமென்றால் ஃபைலைக் கொண்டுவருவது விண்டோவைக் கொண்டுவருவதைவிடச் சுலபம். சிமுலேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து பார்த்தாக வேண்டிய நாட்களுக்கு அந்தப் பெரிய எக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.