துளை வழியே போனது ஏன் திரும்பி வருவதில்லை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் செல்லின் படத்தைப் போர்டில் வரைந்து, “உட்கருவைச் சுற்றி உறை இருக்கிறது, அந்த உறையில் துளைகள் இருக்கின்றன, புரதங்கள் அவை வழியே உள்ளே போகும்” என்று சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “துளைன்னா எல்லாமே போகணுமே டீச்சர், ஏன் சிலது மட்டும் போகுது? போனது ஏன் வெளியே வந்துடல?” என்று கேட்டாள். துளையில் காவலாளி மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. அவளுக்கு எப்படிச் சொல்வது?

ச., தென்காசி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். எது போகும் என்பது ஒன்று, எந்தப் பக்கம் போகும் என்பது இன்னொன்று. காவலாளி என்ற பதில் முதல் கேள்விக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாவதுக்குப் பொருந்தவே பொருந்தாது.

முதல் கேள்வியைத் தவளை முட்டையிலிருந்து தொடங்கலாம். ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல் கடுகு அளவு இருக்கும். அதன் உட்கருவை இடுக்கியால் தனியே எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவு பெரியது. 1982-ல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் லாஸ்கியின் குழு, நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்தை இந்தச் செல்லுக்குள் ஊசியால் செலுத்தியது. ஐந்து பகுதிகள் சேர்ந்த புரதம் அது; ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வால். முழுப் புரதம் உட்கருவுக்குள் போய்ச் சேர்ந்தது. வால்களை நொதியால் நறுக்கிவிட்டு உடலை மட்டும் செலுத்தியபோது அது வெளியிலேயே நின்றுவிட்டது. வாலை மட்டும் செலுத்தினார்கள், உள்ளே போனது. ஐந்தில் ஒரே ஒரு வாலை விட்டுவைத்தாலும் போனது, கொஞ்சம் மெதுவாக. வால் நறுக்கிய உடல் முழுப் புரதத்தைவிடச் சிறியது என்பதைக் கவனியுங்கள். சிறியது வெளியே நிற்க, பெரியது உள்ளே போகிறது.

ஆக, வாலில் ஏதோ ஒரு சீட்டு இருக்கிறது. 1984-ல் எஸ்வி40 என்ற வைரஸின் புரதம் ஒன்றில் அந்தச் சீட்டை எழுத்தெழுத்தாகவே வாசித்துவிட்டார்கள்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வேலின். வெறும் ஏழு அமினோ அமிலங்கள். இதில் ஒரு லைசினை மாற்றினால் போதும், புரதம் உட்கருவுக்குள் சேராமல் வெளியே சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடுகிறது. உட்கருவோடு சம்பந்தமே இல்லாத பைருவேட் கைனேஸ் என்ற நொதியில் இதே சீட்டை ஒட்டினார்கள். அது நேராக உட்கருவுக்குப் போய்விட்டது.

அதே வருடம் கார்ல் ஃபெல்ட்ஹெர் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நுண்ணிய தங்கத் துகள்களுக்கு நியூக்ளியோபிளாஸ்மினைப் பூசி அனுப்பினார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் தங்கம் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகள் துளைக்குள்ளேயே வரிசையாக நின்றன. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் புரதம் நூல் மாதிரி பிரிந்துதான் நுழைய வேண்டும். தங்கத்தைப் பிரிக்க முடியாதே! உட்கருவுக்குள் புரதம் மடிந்த உருவத்தோடு அப்படியே போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சரி, துளைக்கு வருவோம். சுமார் 30 வகைப் புரதங்கள், ஒவ்வொன்றும் பல பிரதிகளாகச் சேர்ந்து, எட்டு மடிப்புச் சமச்சீரோடு கட்டிய பெரிய வளையம் அது. நடுவழி காலியாக இல்லை, கோரை மண்டிய வாய்க்கால் மாதிரி புரத இழைகள் நிறைந்திருக்கும். ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்குக் (கிலோடால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) குறைவான சிறு புரதங்கள் இழைகளுக்கு நடுவே நழுவிவிடும். பெரியவை முட்டி நிற்கும். ஆனால் இம்போர்ட்டின் என்ற சுமையாள் புரதம் அந்த இழைகளோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்தது. சீட்டு உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு, பெரிய மூட்டையோடும் கடந்துவிடும். இந்தப் போக்குவரத்தின் வேகத்தையும் சொல்ல வேண்டும். டிஎன்ஏவை நகலெடுக்கும் நேரத்தில் ஒரு பாலூட்டிச் செல்லுக்கு 3 நிமிடத்துக்குச் சுமார் 10 லட்சம் ஹிஸ்டோன்கள் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்) உள்ளே வந்தாக வேண்டும். ஒரு துளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100!

இப்போது அவளுடைய இரண்டாவது கேள்வி. துளை எதையும் உள்ளே தள்ளுவதில்லை. இம்போர்ட்டின் இரண்டு பக்கமும் போய் வரும். திசை பிறப்பது ரான் என்ற சின்னப் புரதத்தால். ரான் ஜிடிபி (GTP, குவானோசின் ட்ரைபாஸ்பேட்) என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடித்திருக்கலாம், அல்லது அது உடைந்தபின் மிஞ்சும் குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கலாம். ரானுக்குப் புது ஜிடிபி ஏற்றிவிடும் புரதம் உட்கருவுக்குள், குரோமாட்டின் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த இழை) மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஜிடிபியை உடைக்கத் தூண்டும் புரதம் வெளியே இருக்கிறது. அதனால் ஜிடிபி ஏந்திய ரான் எப்போதும் உள்ளேதான் அதிகம். மூட்டையோடு உள்ளே வரும் இம்போர்ட்டின் அந்த ரானைப் பிடித்ததும் மூட்டையை விட்டுவிடும். ரானோடு வெளியே போகும், அங்கே ஜிடிபி உடையும், இம்போர்ட்டின் அடுத்த மூட்டைக்குத் தயார். ஆற்றல் செலவாவது அங்கேதான், துளைக்குள் இல்லை. 1999-ல் நச்சூரி, வெய்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைத் தலைகீழாக்கிப் பார்த்தார்கள். ஜிடிபி ஏந்திய ரானை, அது உடைய முடியாதபடி செய்து, வெளிப்பக்கம் நிறைய வைத்தார்கள். அதே துளைகள் வழியே சரக்கு எதிர்த்திசையில் போனது.

வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். கதவு திறந்தே இருக்கட்டும், காவலாளி வேண்டாம். வராந்தாவில் பைகளைக் குவித்து, சிலவற்றில் மட்டும் சீட்டு ஒட்டுங்கள். நாலைந்து பேர் சுமையாட்கள். சீட்டு உள்ள பையை மட்டும் ஒரு கையால் தூக்கி வரலாம், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால். போர்டு பக்கம் நிற்கும் மாணவி சாக்பீஸ் நீட்டுவாள். வாங்க வேண்டுமென்றால் பையைக் கீழே வைத்தாக வேண்டும். வராந்தாவில் இன்னொருத்தி சாக்பீஸைப் பிடுங்கிக்கொள்வாள். அப்புறம் கை காலி, அடுத்த பை. யாரும் யாரையும் தள்ளாமலே பைகள் வகுப்புக்குள் சேரும். பிறகு சாக்பீஸ் கொடுப்பவளையும் பிடுங்குபவளையும் இடம் மாற்றுங்கள். பைகள் எந்தப் பக்கம் சேருகின்றன என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: உள்ளே வந்த பையிலிருந்து சீட்டைக் கிழிக்க விடாதீர்கள். நிஜத்திலும் அது கிழிக்கப்படுவதில்லை. நம் செல் பிரியும் ஒவ்வொரு முறையும் உட்கரு உறை கலைந்து, உள்ளே இருந்த புரதங்களில் பல செல் முழுக்கச் சிதறிவிடும். புது உறை எழும்பியதும் அவை அதே சீட்டைக் காட்டித்தான் மறுபடி உள்ளே வர வேண்டும்.

அன்புடன்