பத்தொன்பது ஆண்டுகள், இரண்டு பேர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

லண்டனில் 1993ல் இனவெறியர்கள் குத்திக்கொன்ற ஸ்டீபன் லாரன்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையை எங்கள் படிப்பகத்தில் உரக்க வாசித்தோம். முடித்ததும் சண்டை வந்துவிட்டது. ஒரு கும்பலே சேர்ந்து கொன்ற வழக்கில், பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இரண்டே பேருக்குத் தண்டனை. இதற்குப் பெயர் நீதியா? “அந்தத் தாயின் பொறுமை வேறு யாருக்கு வரும்” என்றார் ஒரு பெரியவர். எங்கள் தெருவிலும் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா ஆறாவது ஆண்டாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். “விட்டுத்தொலை, போனவன் வரவா போகிறான்” என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். அவரிடம் லண்டன் கதையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நம் ஊரில் இருப்பது சாதி. இனவெறி இங்கே ஏது?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

வாசித்துவிட்டு எல்லோரும் தலையாட்டிக் கலைந்து போயிருந்தால்தான் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

முதலில் அந்தப் பெரியவருக்கு. ஸ்டீபனின் தாய் டோரீன் லாரன்ஸ் பொறுமைசாலி என்று யார் சொன்னது? ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பதினெட்டு வயதுப் பையனை வெள்ளைக்கார இளைஞர்கள் இனத்தைச் சொல்லித் திட்டியபடி ஓடிவந்து குத்தினார்கள். ரத்தம் கொட்ட நூறு மீட்டருக்கு மேல் ஓடித்தான் விழுந்தான். மறுநாளே ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு வந்து பெயர்களைச் சொன்னார். டெலிபோன் கூண்டு ஒன்றில் பெயர் எழுதிய கடிதம் கிடைத்தது. சந்தேகப்பட்டவர்களின் வீட்டைப் போலீஸ் போட்டோகிராபர் கண்காணித்துக்கொண்டிருந்தபோதே ஒருவன் குப்பைப் பை நிறையத் துணியோடு வெளியேறினான். யாரும் அவனைப் பின்தொடரவில்லை. 

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்ன பெயர்களை டோரீன் ஒரு தாளில் எழுதி உயரதிகாரி ஒருவரிடம் கொடுத்தார். அந்த அதிகாரி பேசிக்கொண்டே தாளை மடித்தார், இன்னொரு முறை மடித்தார், கைக்குள் அடங்கும் அளவுக்கு மடித்துக்கொண்டே போனார். “இதைக் குப்பைத்தொட்டியில் போடப்போகிறீர்கள், அப்படித்தானே?” என்ற பொருளில் அங்கேயே கேட்டேன் என்று டோரீன் பின்னால் விசாரணையில் சாட்சி சொன்னார். மகன் செத்து இரண்டு வாரம்கூட முடியாத நேரம் அது. லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா பெற்றோரைச் சந்தித்துப் பேசினார். மறுநாள், மே 7ஆம் தேதி, கைது தொடங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் உள்ளூர் போலீஸுக்குக் கால் நகர்ந்தது என்று மக்கள் பேசியதில் ஆச்சரியம் உண்டா?

ஏழைகள் நீதி கேட்கும்போதெல்லாம் அவர்களுடைய பொறுமையைப் புகழ்வது நமக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. புகழ்ந்தால் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. டோரீனும் கணவர் நெவிலும் செய்தது ஓயாத நச்சரிப்பு. யாரைக் கைது செய்தீர்கள், ஏன் விட்டீர்கள், அந்தத் துணி எங்கே என்று கேள்விக்கு மேல் கேள்வி. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டதும் குடும்பமே தனியார் வழக்குப் போட்டது. 1996ல் அது தோற்றது. அன்றிரவு ஸ்டீபனோடு இருந்து உயிர் தப்பிய நண்பர் டுவேன் புரூக்ஸ் அடையாளம் காட்டிய சாட்சியத்தை நீதிபதி ஏற்கவில்லை. மூன்று பேர் விடுதலை. ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கக்கூடாது என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். அதாவது, குடும்பம் தன் கையாலேயே கதவைச் சாத்திவிட்டது போல ஆயிற்று. சொந்தக்காரர்கள் “விட்டுத்தொலை” என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

அவர்கள் விடவில்லை. 1997ல் மரண விசாரணையில் சந்தேக நபர்கள் ஐவரும் வாயே திறக்கவில்லை. ஆனாலும், எந்தத் தூண்டுதலும் இல்லாமல் ஐந்து வெள்ளை இளைஞர்கள் நடத்திய இனவெறித் தாக்குதல் இது என்று ஜூரிகள் தீர்ப்பு எழுதினார்கள். ஆட்சி மாறியது. புதிய அரசு மக்ஃபர்சன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் பொது விசாரணை வைத்தது. 1999 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. லண்டன் போலீஸில் நிறுவனமயமான இனவெறி, அதாவது தனி ஆட்களோடு நிற்காமல் அமைப்பின் நடைமுறையிலேயே ஊறிய இனவெறி, இருக்கிறது என்று அது பட்டவர்த்தனமாகச் சொன்னது. பரிந்துரைகள் எழுபது. மறுவிசாரணை கூடாது என்ற சட்டத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது அதில் ஒன்று. 2003ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தாங்களே சாத்திய கதவை நாடாளுமன்றத்தைக் கொண்டே திறக்க வைத்த குடும்பம் அது.

அந்தத் திருத்தம் இல்லையென்றால் 2012 ஜனவரித் தீர்ப்பில், முன்பு விடுதலையான மூவரில் ஒருவனான கேரி டாப்சனைத் தண்டித்திருக்கவே முடியாது. 1993ல் ஒருவன் வீட்டில் பறிமுதல் செய்த ஜாக்கெட்டின் காலரில், பிற்காலத்துத் தடயவியல் சோதனையில், ஒரு ரத்தப் பொட்டு அகப்பட்டது. அரை மில்லிமீட்டர் நீளம், கால் மில்லிமீட்டர் அகலம். ஸ்டீபனின் ரத்தம். கேரி டாப்சன், டேவிட் நாரிஸ் இருவருக்கும் ஆயுள். கொலை நடந்தபோது மைனர்களாக இருந்தார்கள் என்பதால் குறைந்தபட்சச் சிறைக்காலம் பதினைந்து ஆண்டுகளை ஒட்டியே விதிக்கப்பட்டது. தீர்ப்பு நாளில் கொண்டாட எதுவுமில்லை என்றுதான் டோரீனும் சொன்னார். எனவே நீங்கள் கேட்ட கேள்வியை அவரே கேட்டுவிட்டார்.

என் பதில் வேறு. அந்த வழக்கில் குற்றவாளிகள் இரண்டு தரப்பு. கத்தி பிடித்தவர்கள் ஒன்று, தாளை மடித்தவர்கள் இன்னொன்று. முதல் தரப்பில் பாதிக்கு மேல் தப்பித்தார்கள், உண்மை. இரண்டாவது தரப்பை நாட்டின் முன் நிறுத்தியது முழுக்க அந்தக் குடும்பம்தான். அதனால்தான் வேவும் பார்க்கப்பட்டார்கள். நீதி கேட்ட இயக்கத்துக்குள் ரகசிய போலீஸ் ஆட்கள் அனுப்பப்பட்டது 2013ல் முன்னாள் அதிகாரி ஒருவரின் வாயாலேயே வெளிவந்தது. இத்தனைக்குப் பிறகு போலீஸ் திருந்தியதா என்றால், லண்டன் போலீஸை ஆய்வு செய்து 2023ல் லூயிஸ் கேஸி தந்த அறிக்கையும் அதே போலீஸில் அதே நிறுவனமயமான இனவெறி இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறது. பெற்றோர் இருவரும் இதற்கு நடுவிலேயே பிரிந்துவிட்டார்கள். இதை வெற்றிக் கதை என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி வியாசர்பாடி. டுவேன் புரூக்ஸ் கண் முன்னால் நண்பனைப் பறிகொடுத்தவர். போலீஸ் அவரைச் சாட்சியாக நடத்துவதற்குப் பதில் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. இது உங்களுக்கு அந்நியமாகவா இருக்கிறது? இரவில் பைக்கை நிறுத்தி “எந்த ஏரியா” என்று கேட்கும்போது வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். பெசன்ட் நகர் என்று சொன்ன பையனிடம் அந்தக் குரல் மாறுவதில்லை. செத்தவன் யார், எந்தத் தெரு, பழைய வழக்கு ஏதாவது உண்டா என்று தொடங்கும் புலன்விசாரணை எங்கே போய் முடியும் என்று உங்கள் தெரு அம்மாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊரில் இருப்பது சாதி என்கிறீர்கள். அப்படியென்றால் ஓமலூர் சித்ரா அம்மாளை விட்டுவிட்டு எப்படி எழுதுவது? மகன் கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி, தலித். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோவிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டு, ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று தோன்றும்படி கொலைகாரர்கள் செய்திருந்தார்கள். முக்கியச் சாட்சி பல்டி அடித்தார். நாமக்கல்லில் வழக்கு நடந்தால் நியாயம் கிடைக்காது என்று தாய் ஹைகோர்ட்டுக்குப் போய் மதுரைக்கு மாற்ற வைத்தார். கோவிலின் சிசிடிவி பதிவு கை கொடுத்தது. 2022 மார்ச்சில் முக்கியக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள். மேல்முறையீட்டை விசாரித்த ஹைகோர்ட் நீதிபதிகள் கோவிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூனில் யுவராஜ் உள்ளிட்ட எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள், இருவருக்கு மட்டும் தண்டனையைக் குறைத்தார்கள். எட்டு ஆண்டுகள். டோரீனும் சித்ரா அம்மாளும் சந்தித்திருக்க மாட்டார்கள். சந்தித்திருந்தால் மொழிபெயர்ப்பாளருக்கு அதிக வேலை இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

“இனவெறி இங்கே ஏது” என்ற வரியில்தான் எனக்கு உங்களோடு சண்டை. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேசத்து மாணவன் நிடோ தானியா, முடியையும் முகத்தையும் கிண்டல் செய்தவர்களைத் தட்டிக்கேட்டதற்காக அடித்து நொறுக்கப்பட்டு மறுநாள் இறந்தான். அது டெல்லி என்பீர்கள். மூலக்கடை டீக்கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாதவரம் குடோனில் மூட்டை தூக்கும் பையன், ஒடிசாவோ பீகாரோ, பத்து ரூபாயை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வந்த நான்கு பேருக்கு டீ கொடுத்த பிறகுதான் அவனுக்கு வந்தது. அவனுக்கு மட்டும் பேப்பர் கப். கேட்டால், “இவர்களுக்கு அதுதான் அக்கா” என்கிறார் கடைக்காரர். நல்ல மனிதர், எனக்குப் பல வருடப் பழக்கம். கண்ணாடி டம்ளரும் தனிக் குவளையும் என்னவென்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். நாம் ஸ்டீபன் பக்கம் என்று அவ்வளவு சுலபமாக உட்கார்ந்துகொள்ள முடியாது, தம்பி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2)ஆம் பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணங்களுக்காகக் கொல்வதை ஒரே மூச்சில் சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் தெரு அம்மாவிடம் லண்டன் கதையைச் சொல்ல வேண்டாம். வேறு சிலவற்றைச் சொல்லுங்கள். அரசு வக்கீலுக்கு உதவியாகத் தன் தரப்பிலும் ஒரு வக்கீலை வைக்க அவர் கோர்ட்டின் அனுமதி கேட்கலாம். பெண் என்பதாலேயே, வருமானம் பாராமல், இலவசச் சட்ட உதவி அவருக்கு உண்டு. மாநிலச் சட்டப்பணிகள் ஆணையம் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, தொலைபேசி 15100. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானால் அரசு சும்மா இருந்தாலும் அவரே மேல்முறையீடு செய்யலாம். டோரீனுக்கு இல்லாத அந்த உரிமை 2009 கடைசியிலிருந்து இங்கே இருக்கிறது. செத்தவர் பட்டியல் சாதியினராக இருந்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால், 15ஏ பிரிவின்படி ஜாமீன் மனுவிலும் அவரைக் கேட்டாக வேண்டும், சாட்சிகளுக்குப் பயணச் செலவும் கொடுத்தாக வேண்டும். எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றின் நகலும் அவர் கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படிப்பகத்து ஆட்கள் மனு எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டு எழுதுங்கள். ராயபுரத்திலிருந்து நானும் வருகிறேன். சண்டை போட்ட பெரியவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.