குயில்ட்டுக்கும் அப்ளிக்கேக்கும் அடியில் வைக்க, விலை குறைவாகவும் குழந்தைக்கு ஆகாதது இல்லாமலும் எதை வாங்கலாம்?

வட சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பிட்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுக் குழந்தைக்குப் போர்வை (குயில்ட்) தைக்க வேண்டும், அதன் மேல் பூ மாதிரி வடிவங்களை வெட்டி வைத்தும் (அப்ளிக்கே) தைக்க வேண்டும், வீடியோக்களில் சொல்லும் ஃப்ரீசர் பேப்பர் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள்) கிடைக்கவில்லை, பழைய செய்தித்தாளோ கடையில் தந்த நான்வோவன் பையோ போதுமா என்று. இரண்டுமே வேண்டாம்.

அடியில் வைப்பது போர்வைக்குள்ளேயே தங்கப்போகிறதா, தைத்து முடித்ததும் கிழித்து எடுக்கப்போகிறீர்களா? இதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தங்குவதென்றால் பருத்தி. கிழிப்பதென்றால் அச்சடிக்காத மெல்லிய தாள்.

தங்கும் அடிக்குக் காடாத் துணியே போதும். கோடவுன் தெருவிலோ பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ மெல்லிய ரகமாகக் கேளுங்கள். தடித்த காடாவில் கைத்தையல் போட்டால் விரல்தான் புண்ணாகும். கையால் தைப்பவர்களுக்கு மல் துணியோ, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேட்டியோ இன்னும் நல்லது. வேட்டி என்றால் செலவே இல்லை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இழை விலகிய இடங்களை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். கடைத் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்குமோ என்று தோன்றினால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். கலப்பு என்றால் நுனியில் கெட்டியாக உருண்டு நிற்கும்.

காடாவில் தறிக் கஞ்சி இருக்கும். ஒரு ராத்திரி ஊறவைத்து, வெந்நீரில் அலசி, காயவைத்துத் தேய்த்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் அடித்துணி மட்டும் சுருங்கி, மேலே தைத்ததெல்லாம் கொசகொசவென்று நிற்கும். நூற்றுக்கு 5 பங்கு சுருங்கும் என்று வைத்து வாங்குங்கள். போர்வையின் ஒவ்வொரு 12 இன்ச் கட்டத்துக்கும் 13 இன்ச் சதுரமாக வெட்டி, தைத்தபின், கட்டங்களை இணைக்கும் தையலுக்கு இடம் விட்டு, பன்னிரண்டரைக்கு ஓரம் நறுக்குவது வழக்கம். 44 இன்ச் அகலத் துணி ஒன்றேகால் மீட்டரில் இப்படி 9 சதுரம் தேறும். 1 மீட்டர் வாங்கினால் சுருக்கம் போக 6தான்.

கிழிக்கும் தாளுக்கு ஆண்டர்சன் தெருவில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாளுக்கான வெறுந்தாள்) கேளுங்கள். ஜெராக்ஸ் தாள் கனமானது. கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுத்துவிடும். போதாததற்கு ஜெராக்ஸ் கோட்டின் மை இஸ்திரிச் சூட்டில் இளகித் துணியில் ஒட்டும். டிசைனை ஒரே தாளில் பென்சிலால் வரைந்து, அதன் அடியில் 8 வெறுந்தாள் அடுக்கிப் பின் குத்தி, நூல் கோக்காத மிஷினில் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஒன்பது தாளிலும் ஓட்டை விழும். வரையும் வேலை மிச்சம், கிழிப்பதும் சுலபம். இந்தக் கோட்டின் மேல் பிட்டுகளைத் தைக்கும்போது 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். அதைவிட நீளமானால் தாளைக் கிழிக்கையில் தையல் வாய் பிளக்கும். தாளின் பின்பக்கம் துணி வைத்துத் தைப்பதால் படம் இடம் வலம் மாறி வரும். எழுத்து, பறவை மாதிரி திசை உள்ளவற்றைத் திருப்பி வரையுங்கள்.

செய்தித்தாளின் மை சூட்டிலும் ஈரத்திலும் வெளிர் துணியில் ஏறிவிடும், குழந்தை வாயில் வைக்கிற துணிக்கு அது எதற்கு? நான்வோவன் பை பாலிப்ரொப்பிலீன். 165 டிகிரி வாக்கில் உருகும். இஸ்திரிப் பெட்டியைக் ‘காட்டன்’ அளவில் வைத்தால் 200 டிகிரியை ஒட்டிப் போகும். துணியும் போகும், பெட்டியின் அடியும் போகும். (சூப்பர் மார்க்கெட் பில் தாளிலும் கை வைக்காதீர்கள். சூடு பட்டால் கறுத்துவிடும்.)

அப்ளிக்கேக்கு, ஜாக்கெட் கழுத்துக்குத் தையல்காரர்கள் வைக்கிற, ஒரு பக்கம் பசை உள்ள பேப்பர் கேன்வாஸில் மிக மெல்லியதை வாங்குங்கள். பசைப் புள்ளி உள்ள பக்கத்தைப் பூத்துணியின் நல்ல பக்கத்தின் மேல் வைத்து, வடிவத்தைச் சுற்றிலும் முழுக்கத் தையுங்கள். கால் இன்ச் விட்டு வெட்டி, வளைவுகளில் சிறு வெட்டுகள் கொடுங்கள். கேன்வாஸின் நடுவில் மட்டும் கீறி அந்த வழியாகப் புரட்டினால் ஓரம் தானே மடிந்து, பசை அடிப்பக்கம் வந்துவிடும். அடித்துணியில் வைத்து, பெட்டியை இழுக்காமல் 10 வினாடி அழுத்தி எடுங்கள். இழுத்தால் வடிவம் கோணும். ஒட்டியதே போதும் என்று விட்டுவிட்டால் துவையலில் பெயரும்; ஓரத்தைச் சுற்றி ஹெம்மிங் அவசியம்.

ஓரம் மடிக்கப் பசை தேவைப்பட்டால் வீட்டில் காய்ச்சிய சவ்வரிசிக் கஞ்சி. தைத்து முடித்த அன்றே அலசிவிடுங்கள். நம் பக்கத்துக் கடற்கரை ஈரத்தில் கஞ்சி பூசணம் பிடிக்கும், கரப்பானும் வரும். பைண்டிங் கடையில் மைதாப் பசை வாங்கி வராதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது உண்டு, அது விஷம்.