ஃப்ரில் கவுனும் பைக் கும்பலும்

கேள்வி: 'காமிகாஸி கேர்ள்ஸ்' என்ற ஜப்பானியப் படத்தைப் பார்க்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். உடை அலங்காரப் படம்தானே, அப்படி என்ன இருக்கிறது அதில்?

பதில்: உடையும் இருக்கிறது, நிறையவே! 2004-ல் டெட்சுயா நகாஷிமா இயக்கியது. இபராகி மாகாணத்தில் ஷிமோட்சுமா என்ற வயல்காட்டு ஊர். ஊரே சூப்பர்மார்க்கெட்டில் மலிவு உடை வாங்க, மொமோகோ மட்டும் லேஸும் ஃப்ரில்லும் வைத்த, 'லொலிடா' என்கிற பொம்மை பாணிக் கவுனில் குடை பிடித்து நடக்கிறாள், அந்தக் கவுனுக்காகவே ரயில் ஏறி டோக்கியோவின் டைகன்யாமா வரை போகிறாள். சிநேகிதமே வேண்டாம் என்றிருப்பவளிடம், அவள் அப்பா விற்ற போலி பிராண்டு சரக்கை வாங்க வந்து ஒட்டிக்கொள்கிறாள் இச்சிகோ. பெண்கள் பைக் கும்பல்காரி, எச்சில் துப்புவாள், கோபம் வந்தால் தலையாலேயே முட்டுவாள்.

எனக்குப் பிடித்தது எம்ப்ராய்டரி விஷயம்தான். இச்சிகோவின் நீளக் கோட்டில் மொமோகோ ராப்பகலாக உட்கார்ந்து பூவேலை செய்து தருகிறாள், அதைப் பார்த்து அந்த முரட்டுப் பெண் நெகிழ்ந்துபோகிறாள். இச்சிகோவாக அன்னா சுச்சியா, அடேயப்பா!

கடைசிச் சண்டை 120 மீட்டர் உயர உஷிகு புத்தர் சிலைப் பக்கம். கொஞ்சம் ரத்தம் தெறிக்கும், சின்னப் பெண் என்றால் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.