கல்யாண வீடியோவை 'ஜிப்' போட்டால் இடம் மிச்சமாகுமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் 1 டிபி ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. அக்காவின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம், அதுவே 70 ஜிபி. தாத்தா காலத்து நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்ததும் அதில்தான் இருக்கிறது. தருமபுரியில் ஒரு கடையில், டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போனால் எல்லாவற்றையும் 'ஜிப்' போட்டுப் பாதியாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், காரிமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள்.

ஜிப் என்பது கோப்பில் எதையும் இழக்காமல் சுருக்கிக் கட்டும் முறை. வீடியோ அதில் பாதியாகாது. கேமராவும் எடிட்டிங் மென்பொருளும் அதை ஏற்கெனவே சுருக்கித்தான் எழுதியிருக்கும். பிழிந்து காயப்போட்ட துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? அப்படியும் ஒருவர் பாதியாக்கிக் கொடுத்தால், அவர் செய்தது ஜிப் அல்ல. தரத்தைக் குறைத்து மறுபடி எழுதிவிட்டு, அசலை அழித்திருக்கிறார். முகங்கள் மங்கித் தெரிவதை நீங்கள் வீட்டில் பார்த்து விட்டுத் திரும்பிப் போகும்போது, கடையில் அசல் இருக்காது. சண்டை போட்டுப் பயனில்லை.

அதே வேலையை நீங்களே ஒழுங்காகச் செய்யலாம். மூன்று மணி நேரத்துக்கு 70 ஜிபி என்றால், ஸ்டுடியோக்காரர் வினாடிக்குச் சுமார் 50 மெகாபிட் (8 மெகாபிட் ஒரு எம்பி) வைத்து எழுதியிருக்கிறார். வீட்டு டிவியில் பார்க்க 10 மெகாபிட் தாராளம். அந்தக் கணக்கில் 14 ஜிபிக்குள் முடிந்துவிடும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் இரவு முழுக்க ஓடும், ஓடட்டும். எச்.265 என்ற புதிய சுருக்கும் முறையில் இன்னும் குறையும், ஆனால் பழைய டிவிகள் அதைத் திறப்பதில்லை. நீங்கள் அதற்கு முந்தைய முறையான எச்.264லேயே நில்லுங்கள். முடிந்ததும் தாலி கட்டும் இடத்தையும், கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தையும் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். திருப்தியானால் மட்டும் அசலைத் தொடலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம்.

பத்திரங்களின் கதை வேறு. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) கலராக, சுருக்காமல் ஸ்கேன் செய்த ஒரு ஏ4 பக்கம் சுமார் 100 எம்பி பிடிக்கும். 300 டிபிஐ என்றால் அதில் கால் பங்குதான். அதையே ஜேபெக் அல்லது பிடிஎஃப் ஆக வைத்தால் ஓரிரு எம்பி. கம்ப்யூட்டரில் அச்சடித்த சிட்டா, வரி ரசீது எல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே இருக்கலாம், இன்னும் குறையும். ஆனால் தாய்ப்பத்திரத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாக்காதீர்கள். ஊதா மையில் வைத்த கைநாட்டு, வெளிறிப்போன சார்பதிவாளர் முத்திரை, ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்பு எல்லாம் அதில் காணாமல் போகும். மங்கலான எழுத்தை ஸ்கேனர் வெள்ளை என்று முடிவு செய்துவிடும். அவசியம் கலர், 300 டிபிஐ.

எண்களையும் சரிபாருங்கள். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6ஐ 8ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். அளவுக்கு மீறிச் சுருக்கியதுதான் காரணம். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் அரசு இணையதளங்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒன்று ஸ்கேனை 200 கேபிக்குள் கேட்கும், இன்னொன்று 1 எம்பி வரை விடும், மூன்றாவது பிடிஎஃப் வேண்டாம் என்று தள்ளும். ஒரே அளவை வைத்துத் தொலைத்தால் என்ன? மக்களும் அவசரத்தில் தங்களிடம் இருக்கும் ஒரே ஸ்கேனைச் சுருக்கி, அதன்மேலேயே சேமித்துவிடுகிறார்கள். அப்லோடுக்கு எப்போதும் தனி நகல் எடுங்கள்.

அப்புறம், இடம் போதவில்லை என்று 600 ரூபாய்க்கு '2 டிபி பென் டிரைவ்' வாங்கிவிடாதீர்கள். அந்த விலைக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். நீங்கள் காப்பி செய்யும்போது எல்லாம் ஏறியதுபோலவே காட்டும். திறந்தால்தான் தெரியும், பாதிக் கோப்புகள் வெறும் பெயர்கள். பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம். புதியது என்று விற்றதில் ஆயிரக்கணக்கில் காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள். அதற்காகவே, வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும், அது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறை அப்படி.

பில்லோடு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, முதலில் பத்திர ஸ்கேன்களை அதில் ஏற்றுங்கள். கல்யாண வீடியோவைச் சுருக்கும் வேலை அதற்குப் பிறகு.